தற்காலிகமாக ஒரு முன்னறை

அந்தத் தெருவில் அவரை வைண்டிங்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, உள்ளே கருகிக் கிடக்கும் செம்புக்கம்பியை உருவியெடுத்து, புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். மின்விசிறியோ, தண்ணீர் பம்போ, சலவைக்கடையின் பெரிய மோட்டாரோ, எல்லாம் அவர் வீட்டு முன்னறைக்குத்தான் வரும். ஜன்னலுக்குக் கீழே ஒரு மேஜை. அதன் மேல் கையால் சுற்றும் ராட்டை. ஆணிகளில் தொங்கும் கம்பிச் சுருள்கள், மூலையில் வார்னிஷ் டப்பா. அவருடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஆனால் அதில் அவர் ராஜா.

அந்தத் தொழிலில் கைவேலையைவிட வாய்வேலை அதிகம் என்பார். சுற்றை எண்ண வேண்டும். ராட்டையில் எண்ணிக்கை காட்டும் முள் எப்போதோ உடைந்துவிட்டது. புதிது வாங்கிப் போடச் சொன்னவர்களிடம், "என் வாய் உடையலையே" என்பார். எண்ணிக்கொண்டிருக்கும்போது வீடே தீப்பிடித்தாலும் நிமிர மாட்டார். இடதுகையை மட்டும் தூக்கிக் காட்டுவார்; பொறு என்று அர்த்தம். எண்ணிக்கை தப்பினால் மோட்டார் உடனே காட்டிக்கொடுக்காது. நல்ல பிள்ளை மாதிரி ஓடும். சில நாள் ஓடி, வாடிக்கையாளர் அதை மறந்து நிம்மதியாக இருக்கும் நேரம் பார்த்துப் புகைவிட்டு மானத்தை வாங்கும்.

அவருடைய மனைவி, தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த அரசு குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர். தெருவே அப்படிக் கூப்பிட, கல்யாணமான புதிதில் கேலியாக ஆரம்பித்த வைண்டிங்காரருக்கும் அதுவே வாயில் நின்றுவிட்டது. ஒரே மகள் பள்ளியில் கடைசி வருஷத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

காப்பகத்துக்கு வரும் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேரின் அம்மாக்கள் பக்கத்துத் துணி ஆலையில் தைப்பவர்கள். ஆலைச் சங்கு காலையில் ஊதுவதற்கும் காப்பகம் சட்டப்படி திறப்பதற்கும் நடுவில் ஒரு மணி நேர இடைவெளி. சாயங்காலமோ அதைவிட மோசம். காப்பகம் மதியத்தோடு மூட வேண்டும், ஆலை பொழுது சாய்ந்துதான் விடும். இந்த இடைவெளியில் பிள்ளைகள் எங்கே போகும் என்று திட்டம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. டீச்சர் யோசித்தார். சங்கு ஊதுவதற்கு முன்பே திறந்து, கடைசித் தாய் வந்த பிறகே பூட்டுவார். அதற்குச் சம்பளம் கிடையாது. நன்றி சொல்லவும் ஆள் கிடையாது, ஏனென்றால் அப்படி நடப்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு ஆயா இருந்தார். அவர் வயதாகி ஓய்வு பெற்றுப் போனார். அந்த இடம் காலியாகவே கிடந்தது.

ஒரு மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, காப்பகத்தின் கூரைப்பூச்சு ஒரு பாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. மறுநாள் கதவைத் திறந்த டீச்சர், மதியம் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் இடத்தில் கிடந்த சிமெண்டுக் கட்டிகளைப் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மேலே இருந்த மேற்பார்வை மேடத்துக்குப் போன் போட்டார்.

"மேல சொல்றேன் டீச்சர். பணம் ஒதுக்கினதும் ஆள் வருவாங்க," என்றார் மேடம். "ஆனா ஒருநாள்கூட மூடிடாதீங்க. மூடினா அங்க பிள்ளைங்களே வர்றதில்லைன்னு ஆயிடும். அப்புறம் காப்பகத்தையே தூக்கிடுவாங்க. தற்காலிகமா ஏதாவது பண்ணுங்க."

அதற்குள் அம்மாக்கள் வந்துவிட்டார்கள். சங்கு ஊத இன்னும் கொஞ்ச நேரம்தான். அவர்களில் ஒருத்தி ஆலையில் சட்டைக் காலர் மட்டும் தைப்பவள், காலர்க்காரி என்று பெயர். தாமதமானால் அவளுக்குப் பாதிநாள் சம்பளம் போகும். இடுப்பில் பிள்ளையோடு கதவுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருந்தாள். சத்தம் கேட்டு வந்த வைண்டிங்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், காலர்க்காரியின் காலைப் பார்த்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

"நம்ம முன்னறைல பாதி சும்மாதானே கிடக்கு. கொண்டுவந்து உக்கார வை. ஒரு வாரம்தானே."

"நீங்க நல்லா இருக்கணும் அண்ணே," என்று பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டுக் காலர்க்காரி ஓடினாள்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் இதைச் சொன்னபோது கடைக்காரர் டம்ளரைத் துடைத்தபடியே சிரித்தார். "இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு பழமொழி. நீ இடம் கொடுத்தது சர்க்காருக்கு. அது மடத்தையும் பிடுங்கிக்கிட்டு, வெளக்கமாத்தை உன் கையிலயே கொடுத்துப் பெருக்கச் சொல்லும் பாரு."

"வாயைக் கழுவு," என்றார் வைண்டிங்காரர்.

ஆனால் கடைக்காரர் வாய் முகூர்த்தம் பலித்தது. வாரம் மாதமாயிற்று. மழை முடிந்து வெயில் வந்து மறுபடி மழை வந்தது. முதலில் வந்தவை பாய்கள் மட்டும்தான். அப்புறம் பொம்மைப் பெட்டி, எடை பார்க்கும் தராசு, வாளிகள், எழுத்துப் படங்கள். காப்பகத்து அடுப்பு துருப்பிடித்துவிட்டதால் பிள்ளைகளுக்கான கஞ்சி வீட்டு அடுப்பிலேயே கொதித்தது. ஒருநாள் மேற்பார்வை மேடம் வந்து, பிள்ளைகளைத் தேடி வருபவர்களுக்கு இடம் தெரிய வேண்டும் என்று சொல்லி, காப்பகத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டுவந்து இவர் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டிவைத்துவிட்டுப் போனார். அதற்குப் பின்னால்தான் இவருடைய 'இங்கு மோட்டார் வைண்டிங் செய்யப்படும்' பலகை இருந்தது. அது மறைந்ததை அவர் இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தார்.

மேஜை சுவரோரம் போனது. கம்பிச் சுருள்கள் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்கு ஏறின. இப்போது அவருக்கும் எட்டவில்லை, ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். வார்னிஷ் நெடி பிள்ளைகளுக்கு ஆகாது என்று டீச்சர் சொன்னதால் அந்த வேலை பின்சந்துக்குப் போனது. சந்தில் வெயில் கிடையாது. காயாத வார்னிஷ் பிசுபிசுவென்று கையில் ஒட்டிக்கொண்டு, தூசியையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளும்.

ஆயா இடம்தான் காலியாக இருந்ததே. டீச்சர் ஒருத்தர் கஞ்சி கிண்டும்போது இன்னொருத்தர் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஒரு பிள்ளையைக் கழுவிவிடும்போது மற்றவை வாசலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் சும்மா இருப்பவர் என்று கணக்குப் பார்த்தால் வைண்டிங்காரர்தான் அகப்பட்டார். வீட்டிலேயே வேலை செய்கிறவன் வேலை செய்வதாக உலகத்தில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. மூக்குத் துடைக்க, கால் கழுவ, தொட்டில் ஆட்ட என்று ஒவ்வொன்றாகப் பழகினார். பிள்ளைகள் அவரை 'ஆயா மாமா' என்று கூப்பிட ஆரம்பித்தன. டீக்கடையில் இருந்தவர்கள் மாமாவை வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

"ஆயா வந்தாச்சு, அவருக்குச் சர்க்கரை கம்மி."

அவர் டீக்கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

பிள்ளைகளில் ஒருவன் காலர்க்காரியின் மகன். மதியம் மற்ற எல்லாப் பிள்ளைகளும் தூங்கும்போது அவன் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். அதனால் அவனுக்கு வாட்ச்மேன் என்று பெயர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் தூங்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் வைண்டிங்காரருக்குக் கம்பி சுற்றக் கிடைக்கும். மெல்ல ராட்டையைப் பிடித்து, உதட்டுக்குள்ளேயே, "நூத்திப்பத்து, நூத்திப்பதினொண்ணு," என்று போவார். வாட்ச்மேன் ஓசைப்படாமல் வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, தனக்குத் தெரிந்த கணக்கை உதவியாகச் சொல்லுவான்.

"நாப்பது, ஏழு, நூறு, மூணு."

கை நின்றுவிடும். அவர் எங்கே விட்டார் என்று அவருக்கே தெரியாது. கோபித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால், ஒரு வேலையை ஒழுங்காக முடித்துக்கொடுத்த பெருமையோடு அவன் நிற்பான். என்ன செய்வது? கம்பியைப் பிரித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சில நாள் பிரிக்கப் பொறுமை இல்லாமல், உத்தேசமாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு மேலே போவார். அப்படி உத்தேசமாகப் போன ஒன்றுதான் சலவைக்கடை மோட்டார்.

அது புகைவிட்ட அன்று சலவைக்கடைக்காரர் நேரில் வந்தார். சண்டை போட்டிருந்தால் தேவலை. வாசலில் நின்று, தவழும் பிள்ளைகளையும், கொடியில் காயும் துணிகளையும், சுவரோரம் ஒடுங்கிக் கிடந்த மேஜையையும் பார்த்தார்.

"உங்களைச் சொல்லிக் குத்தமில்லை. இந்தச் சந்தையில எவன் உக்காந்து எண்ணுவான்?" என்றார். "மெயின்ரோட்டுல ஒருத்தன் கடை போட்டிருக்கான். இனிமே அங்க கொடுத்துக்கறேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? நினைத்தது அவ்வளவும் சரியாகத்தான் நினைத்தார். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்களே, அது இதுதான் டீச்சர். உனக்கு அவங்க குடுக்கிறது சுண்டைக்காய். சுமக்கிறது நான். சோப்பு யார் வாங்கினது? கேஸ் யாரோடது? தண்ணி மோட்டார் நாள் முழுக்க ஓடுதே, அந்தக் கரண்டு யாரோடது?"

"சோப்பு வீட்டுக்கும்தானே ஆகுது," என்றார் டீச்சர். அவரிடம் இருந்த பதில் அவ்வளவுதான் என்று இருவருக்கும் தெரியும். தட்டை எடுத்தபடியே, "நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க. நாளைக்குக் கதவைச் சாத்திடவா?" என்றார்.

வைண்டிங்காரர் சாத்தச் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்று தெரிந்தே கேட்கிறாளே என்றுதான் இன்னும் எரிச்சலாக வந்தது.

மகள் விஷயம் அதற்கு அடுத்த மாதம். அவள் படிப்பதும் முன்னறையில்தான். பின்னால் இருந்தது சமையலறையும் படுக்கிற ஒரு சிறு அறையும். பள்ளிவிட்டு வந்ததும் ஒரு கைக்குழந்தை அவள் மடிக்கு வந்துவிடும். காலர்க்காரிக்கு ஓவர்டைம் உள்ள நாட்களில் வாட்ச்மேன் அவள் புத்தகத்தில் ரயில் விடுவான். அவள் முகம் சுளித்தது கிடையாது. ஒரு சாயங்காலம், பாலில் ஊறிப்போன ரசாயன நோட்டை ஜன்னல் கம்பியில் காயப்போட்டுவிட்டு அப்பாவின் மேஜைப் பக்கம் வந்து நின்றாள்.

"அப்பா, நான் அத்தை வீட்டுல இருந்து படிக்கிறேனே."

"பரீட்சை வரைக்குமா?"

"அத்தைகிட்ட கேட்டுட்டேன். சரின்னு சொன்னாங்க."

அவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனாலும் தலையாட்டினார். மறுநாள் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கொண்டுவிட்டார். அங்கே மகளுக்கென்று ஒரு மேஜையும், மேலே ஒரு விளக்கும் தயாராக இருந்தன. தங்கை பெருமையாகக் காட்டினாள். 'நல்லா இருக்கு' என்று அவர் வாயால் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாது. டீச்சர் அன்று கஞ்சிப் பாத்திரத்தை இரண்டு தரம் தேய்த்தார்.

இப்படி இருக்கும்போதுதான் துறையின் பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று சேதி வந்தது. வைண்டிங்காரருக்கு நம்பிக்கை பிறந்தது. கண்ணால் பார்த்தால் செய்துவிடுவார்கள், பார்க்காததால்தான் செய்யவில்லை என்று எண்ணினார். மேற்பார்வை மேடம் முதல்நாளே வந்து, "நல்லா வையுங்க டீச்சர், என் மானம் உங்க கையில," என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் பெருக்கித் துடைத்து, சுவரில் காகிதப் பூக்கள் ஒட்டி, பிள்ளைகளுக்குத் தலைவாரி உட்கார வைத்தார். வைண்டிங்காரரின் மேஜைமேல் துணியைப் போர்த்தி அதன்மேல் பொம்மைகளை அடுக்கினார்கள். அவரே அடுக்கினார். அதை நினைத்துப் பின்னால் தலையில் அடித்துக்கொள்வார்.

பெரிய அதிகாரி போட்டோ எடுக்கிற ஆளோடு வந்தார். தங்கமான மனிதர். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கூட வைத்துக்கொண்டார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்லுவாங்க. உங்களுக்குப் பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு. தானாத்தான் வளர்றா, அத்தை வீட்டுல," என்றார் வைண்டிங்காரர்.

அதிகாரி அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் கூரை பெயர்ந்த கட்டடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்று இவர் வாயெடுத்தார். அதற்குள் மேடம், "இது முழுக்க மக்கள் பங்களிப்பு சார்," என்று நடுவில் புகுந்தார். அதிகாரிக்கு அந்த வார்த்தை இனித்தது. மக்களே முன்வந்தால் எதுவும் முடியும், எல்லா ஊரிலும் இப்படி நடக்க வேண்டும் என்று பேசி, வைண்டிங்காரர் தோளில் தட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வண்டி திரும்பவே இல்லை.

மாதக்கடைசியில் மேடம் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"கூரைக்குப் பணம் வந்துச்சு டீச்சர். ஆனா வேற காப்பகத்துக்குப் போயிடுச்சு."

"ஏன்?" என்றார் டீச்சர்.

"இங்கதான் நல்லபடியா நடக்குதேன்னு சொல்லிட்டாங்க. அங்க மரத்தடியில வச்சு நடத்தறாங்களாம்."

உள்ளே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த வைண்டிங்காரர் ஆட்டுவதை நிறுத்தினார். "அப்ப நாங்க மரத்தடியில வச்சிருந்தா எங்களுக்குக் கிடைச்சிருக்கும். அப்படித்தானே மேடம்?"

தொட்டிலில் இருந்த பிள்ளை அழ ஆரம்பித்தது.

மறுநாள் விடிந்ததும் தள்ளுவண்டி ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து, மேஜை, ராட்டை, கம்பிச் சுருள்கள், வார்னிஷ் டப்பா எல்லாவற்றையும் ஏற்றினார். டீச்சர் வாசலில் நின்று பார்த்தார்.

"எங்கங்க போறீங்க?"

"சும்மா கிடக்கிற இடத்துக்கு."

தெருக்கோடிக்குத் தள்ளிக்கொண்டு போய், பழைய காப்பகத்தின் கதவைத் திறந்தார். சாவி வீட்டில்தானே தொங்கியது. இரண்டு மழையில் கூரைப்பூச்சு பாதிதான் உதிர்ந்திருந்தது. மிச்சப் பாதிக்குக் கீழே மேஜையைப் போட்டு, சிமெண்டுக் கட்டிகளை ஒரு பக்கம் பெருக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். சுவரில் ஒரு யானையும் ஒரு முயலும் நிறம் மங்கி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேறு சத்தம் இல்லை. கம்பியைப் பிடித்தார். ஒன்று என்று ஆரம்பித்து, ஒரு தடவைகூடத் தடுமாறாமல் ஒரு மோட்டாருக்கான கம்பியை முழுசாகச் சுற்றி முடித்தார். முடித்த கையோடு அவருக்குக் கண் கலங்கியது. எவ்வளவு சின்ன விஷயம் என்று நினைக்க நினைக்க ஆத்திரமாகவும் வந்தது. வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்து, பழுதான மின்விசிறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

கூரை விழுந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் தலைகாட்டாத அலுவலகம் மூன்றாம் நாளே வந்துவிட்டது. ஜீப்பில் இரண்டு பேர், பின்னாலேயே ஸ்கூட்டரில் மேற்பார்வை மேடம்.

"யாரைக் கேட்டு இங்க உக்காந்தீங்க? இது அரசாங்கக் கட்டடம்," என்றார் ஜீப்பில் வந்தவர்களில் பெரியவர்.

"தெரியும். அரசாங்கம் என் வீட்டுல உக்காந்திருக்கு. நான் அரசாங்கத்து வீட்டுல உக்காந்திருக்கேன். அது காலி பண்ணட்டும், நானும் பண்றேன்."

"கூரை இடிஞ்சு உங்க தலையில விழுந்தா யார் பொறுப்பு?"

"இதைத்தான் சார் நாங்க அன்னைக்கே சொன்னோம். அப்ப தலை சின்னதா இருந்ததால உங்க காதுக்கு எட்டலை."

வந்தவர் முகம் சிவந்தது. மேடம் இவரைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே கூட்டிவந்தார். அலுத்துப்போன முகம். ஸ்கூட்டரில் ஒரு மூட்டை பால்பவுடர் கட்டியிருந்தது. அடுத்த காப்பகத்துக்கு அவரே கொண்டுபோகிறார் போல.

"அண்ணே, எனக்கு மட்டும் ஆசையா? இந்தப் பக்கத்துக் காப்பகம் அத்தனைக்கும் நான் ஒருத்திதான். இந்த வண்டிக்குப் பெட்ரோல்கூட என் கைக்காசு. உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா உங்ககிட்ட விளக்கம் கேட்க அவங்களால முடியாது. டீச்சர்கிட்டத்தான் கேப்பாங்க. சாவி அவங்க பொறுப்புல இருந்தது."

அதை அவர் யோசிக்கவில்லை. தள்ளுவண்டியை மறுபடி வரவழைத்தார். ஏற்றும்போது ஒரு சுருள் அவிழ்ந்து தெருவெல்லாம் ஓடியது. அதைச் சுற்றியெடுக்கக்கூட மனம் வரவில்லை. அலுவலகத்தார் கூரையைப் பார்க்கவில்லை. கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்டார்கள், சுற்றிலும் முள்கம்பி அடித்தார்கள். அதற்கு மட்டும் பணம் எங்கிருந்தோ வந்தது.

மேடம் சொன்னபடியே டீச்சரிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கொடுத்தும், ஊரின் மறுகோடிக்கு மாற்றல் வந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். டீச்சர் அழவும் இல்லை, புருஷனைத் திட்டவும் இல்லை. காப்பகத்துச் சாமான்களைக் கட்டிக்கொண்டே, "நாமளே சமாளிச்சு சமாளிச்சு, எதுவுமே குறையில்லாத மாதிரி காட்டிட்டோம். பூப்போட்டு வேற மூடினேன் நான்," என்றார். அந்தக் குரலில் இருந்த வெறுப்பு யார்மேல் என்று வைண்டிங்காரருக்குப் புரியவில்லை.

டீச்சருக்குப் பதிலாக வர இருந்த புது டீச்சர், அடுத்தவர் வீட்டில் வேலை பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டார். சரியான பேச்சு. அதை நாமும் முதல்நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று வைண்டிங்காரர் நினைத்துக்கொண்டார். காப்பகத்தை மெயின்ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த இன்னொன்றோடு சேர்த்தார்கள். அது சரியான நேரத்துக்குத் திறந்து சரியான நேரத்துக்கு மூடும். சங்கு ஊதுவதற்குள் அங்கே போய்விட்டு ஆலைக்குத் திரும்ப யாராலும் முடியாது. அம்மாக்களில் இரண்டு பேர் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்கள். காலர்க்காரி வேலையை விட்டுவிட்டு, வீட்டிலேயே பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். ஆலையில் கிடைத்ததில் கால்வாசிகூடத் தேறாது.

முன்னறை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. மேஜை ஜன்னலடிக்கு வந்தது. எழுத்துப்படங்களைக் கிழித்த இடத்தில் சுவரில் பசை மட்டும் இருந்தது. மகள் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினாள். மேலே படிக்கும் இடத்துக்கு அத்தை வீடுதான் பக்கம் என்று அங்கேயே இருந்துவிட்டாள். சலவைக்கடைக்காரர் மெயின்ரோட்டுக் கடையை விடவில்லை. நாள் முழுக்கச் சத்தமில்லாத அறையில் அவர் உட்கார்ந்திருந்தார். எண்ணலாம்தான். எண்ணுவதற்கு மோட்டார் வர வேண்டுமே.

ஒருநாள் மளிகைக்கடை வாசலில் காலர்க்காரியைப் பார்த்தார். இடுப்பில் வாட்ச்மேன், கையில் பொத்தான் பொட்டலம்.

"உங்க ரூம் உங்களுக்குக் கிடைச்சிருச்சு போல அண்ணே," என்றாள். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே விசாரித்தாள். "கிடைச்சுது" என்று சொல்லிவிட்டு, வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

டீச்சர் இருட்டிய பிறகுதான் வீடு வருவார். இவர் சுடுதண்ணீர் வைத்துக் கொடுப்பார், டீச்சர் அதில் காலை முக்கி உட்கார்ந்துகொண்டு அன்றைய கதையைச் சொல்வார். புது இடத்தில் கூரை நன்றாக இருக்கிறதாம். ஆயாகூட உண்டாம். தண்ணீர்தான் இல்லையாம், குழாய் போட இன்னும் பணம் வரவில்லையாம்.

"அப்ப பிள்ளைங்களுக்கு?"

"எதிர்வீட்டு அம்மா அவங்க மோட்டாரைப் போட்டு டியூப்ல விடறாங்க. தங்கமான மனுஷி."

வைண்டிங்காரர் சட்டென்று நிமிர்ந்தார். அந்த வாரச் சனிக்கிழமை, காரணம் சொல்லாமல் மனைவியோடு அவரும் இரண்டு பஸ் மாறிப் போனார். எதிர்வீட்டு அம்மா ஐம்பது வயது மதிக்கத்தக்கவர், வாசலில் நீல டியூபைப் பிடித்து வாளிகளை வரிசையாக நிரப்பிக்கொண்டிருந்தார். மோட்டார் உள்ளே ஓடியது. அதன் சத்தத்தில் ஒரு கரகரப்பு இருந்தது. இப்படியே ஓட்டினால் சீக்கிரம் எரிந்துவிடும் என்று கேட்ட மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்தது.

"நான் டீச்சரோட வீட்டுக்காரர்," என்றார். "தப்பா நெனக்காதீங்கம்மா. தண்ணி விடறதை நிறுத்திடுங்க."

அந்த அம்மா டியூபை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்?"

"நீங்க விடற வரைக்கும் சர்க்கார்ல குழாய் போட மாட்டாங்க. நான் பட்டவன், சொல்றேன்."

"சரி, நிறுத்திடறேன். குழாய் வர்ற வரைக்கும் பிள்ளைங்க எதைக் குடிக்கும்?"

பஸ்ஸில் வரும்போது அவர் யோசித்து வைத்தவற்றில் இந்தக் கேள்வி இல்லை. அந்த அம்மா மடக்கியிருந்த டியூபை விட்டு அடுத்த வாளியில் வைத்தார். உள்ளே டீச்சர் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொல்லும் குரல் கேட்டது. வைண்டிங்காரர் திரும்பி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். நாலு எட்டு வைத்தவர், நின்று, எரிச்சலோடு திரும்பி வந்து, "அந்த மோட்டாரையாவது ஒரு மணி நேரத்துக்கு ஒருதடவை நிறுத்தி வையுங்கம்மா, எரிஞ்சிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.